நாலரை மணிப் பசி

பள்ளிவிட்டு வரும் பிள்ளையின் கண்ணில் எது முதலில் படுகிறதோ, அதுவே அன்றைய மாலைத் தீனி. அடுக்களை அடுக்கில் நாம் என்ன வைக்கப்போகிறோம்?

மாலை நாலரை மணி. வேன் ஹாரன் கேட்கும். படியேறும் காலடி கேட்கும். புத்தகப்பை கூடத்தில் தொப்பென்று விழும். அடுத்த நிமிடம் அடுக்களையில் ஸ்டூல் இழுபடும் சத்தம், டப்பா மூடி திறக்கும் சத்தம். மூன்றாம் வகுப்பு படித்த என் மகள் வீடு வந்து சேர்ந்ததை, வீட்டிலிருந்தே வேலை பார்த்த அந்த வருடம் முழுக்க நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன். எழுந்து போவதற்குள் நாலு கிரீம் பிஸ்கட் உள்ளே போயிருக்கும். ஐந்தாவது கையில் இருக்கும்.

"இப்பவே இதைத் தின்னா ராத்திரி எப்படிச் சாப்பிடுவே?"

"பசிக்குதும்மா."

தினமும் இதே கேள்வி, இதே பதில். டப்பாவை இன்னும் ஒரு தட்டு மேலே ஏற்றி வைத்தேன். அவள் ஸ்டூலின் மேல் மனைப்பலகையைப் போட்டு ஏறினாள். அதைப் பார்த்த அன்று எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவளை இறக்கிவிட்டு, பிஸ்கட்டைத் தின்னச் சொல்லிவிட்டு, நானும் தரையில் உட்கார்ந்தேன். ஒரு பிள்ளை கீழே விழும் ஆபத்தைக்கூடப் பார்க்காமல் ஏறுகிறாள் என்றால், அவளைக் குற்றவாளியாக நிறுத்துவதில் அர்த்தம் இல்லை என்று அன்றுதான் உறைத்தது.

எட்டு மணி நேரக் கணக்கு

அன்று அவளுடைய மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதிச் சாதம் அப்படியே இருந்தது. காலை ஏழே முக்காலுக்கு அவசரத்தில் விழுங்கியது ஒன்றரை இட்லி. பன்னிரண்டரைக்குப் பாதி டப்பா சாதம். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு. இடையில் எட்டு மணி நேரம். அதில் வகுப்பு, விளையாட்டு, வேன் பயணம், வீட்டுப்பாடம். அவள் பசி என்று சொன்னது உண்மை. அதை 'நொறுக்குத்தீனி ஆசை' என்று பெயர் வைத்துத் திட்டியது என் தவறு.

பிள்ளைகளின் வயிறு சிறியது. ஆனால் வளரும் உடம்பின் தேவை பெரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,700 கலோரி வேண்டும். அதை மூன்று வேளையில் அடைத்துவிட முடியாது. மாலை நேரத்துச் சாப்பாடு அவர்களுக்கு நாலாவது வேளை. அதை ஒரு வேளையாக நினைத்துத் தயார் செய்யாத வீட்டில், அந்த இடத்தைப் பாக்கெட் பிடித்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1956-ல் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பசியோடு ஒரு பிள்ளை வகுப்பில் உட்காரக் கூடாது என்பதை இந்த மண் அரசாங்கத்தின் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டது. அரசுப் பள்ளிச் சத்துணவில் முட்டையும் பயறும் இடம்பிடித்தன. ஆக, காலையும் மதியமும் பள்ளியில் கிடைக்கும் பிள்ளைக்குக்கூட, மாலை வேளை முழுக்க வீட்டின் கையில்தான் இருக்கிறது.

இரண்டு பக்கமும் இடி

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூன்றில் இரண்டு குழந்தைகள். அதே கணக்கெடுப்பில், அதே வயதில், உயரத்துக்கு மீறிய எடை கொண்ட குழந்தைகள் 2.1 சதவீதத்தில் இருந்து 3.4 சதவீதமாகக் கூடியிருக்கிறார்கள். உலக அளவில் 2025-ல் யுனிசெப் வெளியிட்ட அறிக்கை இதைவிடக் கவலை தருகிறது. 5 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம், உடற்பருமன் உள்ளவர்கள் 9.4 சதவீதம். மெலிந்த பிள்ளைகளைவிடப் பருத்த பிள்ளைகள் அதிகமானது இதுவே முதல்முறை.

சத்துக்குறைவும் பருமனும் எதிரெதிர் நோய்கள் என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே அடுக்களையில், சில நேரம் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன. மைதா, சர்க்கரை, பாமாயில், உப்பு ஆகிய நாலும் சேர்ந்த பாக்கெட் பண்டங்கள் வயிற்றை நிரப்பும், எடையையும் ஏற்றும். ரத்தத்துக்கு வேண்டிய இரும்புச்சத்தும், தசைக்கு வேண்டிய புரதமும் அவற்றில் பெரிதாக இல்லை. கன்னம் உப்பிய பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருப்பதும் உண்டு.

பாக்கெட்டின் பின்பக்கம்

மனைப்பலகை சம்பவத்துக்கு மறுநாள், கிரீம் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தேன். முன்பக்கம் பால், சிரிக்கும் பொம்மை, 'ஆற்றல்' என்ற வார்த்தை. பின்பக்கம் எறும்பு வரிசை போன்ற எழுத்து. அதில் 100 கிராமுக்கு 35 கிராம் சர்க்கரை என்று இருந்தது. அவள் தின்னும் ஐந்து பிஸ்கட்டைத் தராசில் வைத்தேன். 50 கிராம் காட்டியது. அப்படியானால் பதினேழரை கிராம் சர்க்கரை. ஒரு டீஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் நாலு ஸ்பூனுக்கு மேல்.

2015-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன வரம்பு இது: தனியாகச் சேர்க்கும் சர்க்கரையால் வரும் கலோரி, மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 1,700 கலோரி வேண்டிய பிள்ளைக்கு 5 சதவீதம் என்பது சுமார் 21 கிராம், அதாவது ஐந்து ஸ்பூன். என் மகளின் கணக்கில் நாலு ஸ்பூனுக்கு மேல் நாலரை மணிக்கே தீர்ந்துவிடுகிறது. காலைப் பாலில் போட்டது, மதியம் தோழி கொடுத்த மிட்டாய், எல்லாம் இதற்கு மேல்.

லேபிளைப் படிக்கக் கடினமான படிப்பு எதுவும் தேவையில்லை. மூன்று விஷயம் போதும். முதலாவது, சேர்மானப் பட்டியலில் எடை அதிகமான பொருள் முதலில் வரும். முதல் மூன்று பெயர்களில் சர்க்கரை இருந்தால், அது பிஸ்கட் என்ற பெயரில் வரும் இனிப்பு. இரண்டாவது, 'சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு' என்று எழுதியிருந்தால் அது மைதா. மூன்றாவது, 100 கிராமுக்கான கணக்கைப் பார்த்துவிட்டு, பிள்ளை உண்மையில் எவ்வளவு தின்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பாலில் கலக்கும் மாவுக்கும் இதே கணக்குத்தான். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணைய விற்பனைத் தளங்கள் 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் இருந்து இத்தகைய பானங்களை நீக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையை இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கவே இல்லை என்பதுதான் காரணம். அந்தப் பெயரை நம்பி எத்தனை தாய்மார்கள் ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போட்டிருப்போம்!

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றிக்கொண்டால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வலுவாக இருக்கிறது. ருசியும் மணமும் வேறு, ஆனால் உடம்புக்குள் போனால் இவையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேர்க்கடலையின் புரதத்தோடு வரும் அருமையான பண்டம். அதுவும் ஒன்றோடு நிறுத்த வேண்டிய இனிப்பு. பழத்தைக் கடித்துத் தின்றால் இந்த வரம்பில் சேராது. சாறு பிழிந்து குடித்தால் சேரும். கொய்யாவைக் கொய்யாவாகவே கொடுப்போம்.

பூட்டி வைத்தால் ஆசை கூடும்

சரி, பிஸ்கட் கெடுதல். தடை போட்டுவிடலாமா? அதையும் செய்து பார்த்தேன். ஒரு வாரம் வீட்டில் பிஸ்கட் இல்லை, பதிலுக்கு எதுவும் இல்லை. மகள் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் பிள்ளை என்னிடம் மறைக்கக் கற்றுக்கொண்டது அந்த வாரத்தில்தான். அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

இப்படி நடக்கும் என்று ஆய்வுகள் முன்பே காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லியான் பிர்ச் என்ற ஆய்வாளர் பிள்ளைகள் எப்படி உண்ணக் கற்கிறார்கள் என்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர். அவரும் ஜெனிபர் பிஷரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு தின்பண்டத்தைக் கண்ணெதிரே வைத்துவிட்டு, எடுக்கும் நேரத்தை மட்டும் கட்டுப்படுத்தினார்கள். தடை போட்ட பண்டத்தைப் பற்றியே குழந்தைகள் பேசினார்கள், அதையே கேட்டார்கள், அனுமதி கிடைத்ததும் அதையே தேடி எடுத்தார்கள்.

வற்புறுத்தினாலும் இதே கதைதான். 2006-ல் பிர்ச் குழுவினர் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், "சூப்பைக் குடித்து முடி" என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட குழந்தைகள், சொல்லப்படாதபோது குடித்ததைவிடக் குறைவாகக் குடித்தார்கள். அந்த சூப்பைப் பற்றிக் குறையும் கூடுதலாகச் சொன்னார்கள். "ஒரு வாய் கீரை தின்னா ஒரு சாக்லேட்" என்று நாம் பேரம் பேசும்போது, கீரை தண்டனை என்றும் சாக்லேட் பரிசு என்றும் நாமே சொல்லிக்கொடுக்கிறோம்.

பதினைந்து குழந்தைகள், முப்பத்து நான்கு உணவுகள்

தடையும் வேண்டாம், வற்புறுத்தலும் வேண்டாம் என்றால் பிள்ளையின் இஷ்டத்துக்கு விட்டுவிடுவதா? இதற்குப் பதில் கிட்டத்தட்ட நூறு வருடப் பழசு. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், தாய்ப்பாலை மறக்கும் பருவத்தில் இருந்த 15 குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார். மொத்தம் 34 உணவுகள். பழம், காய், தானியம், பால், முட்டை, இறைச்சி எல்லாம் இருந்தன. எதையும் ஊட்டிவிடக் கூடாது, எதையும் தின்னச் சொல்லக் கூடாது. குழந்தை கை காட்டுவதை மட்டும் கொடுக்கலாம். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாகத் தின்றது. ஒருநாள் ஒன்றையே தின்றது, மறுநாள் அதைத் தொடவே இல்லை. ஆனாலும் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தார்கள்.

குழந்தைக்கு எது நல்லது என்று அதன் உடம்புக்கே தெரியும் என்று பலர் இதற்குப் பொருள் சொன்னார்கள். டேவிஸ் அப்படிச் சொல்லவில்லை. சூட்சுமம் உணவுப் பட்டியலில் இருக்கிறது என்பதை 1939-ல் எழுதிய கட்டுரையில் அவரே வெளிப்படையாக விளக்கினார். அந்த 34-ல் சர்க்கரை போட்ட பண்டம் ஒன்றுகூட இல்லை. எதை எடுத்தாலும் நல்லதாக இருக்கும்படி பெரியவர்கள் பட்டியல் போட்டார்கள். அதற்குள் எடுக்கும் சுதந்திரம் முழுக்கக் குழந்தைக்கு.

பின்னாளில் எலின் சாட்டர் என்ற உணவியல் வல்லுநர் இதையே வீடுகளுக்கான விதியாக வகுத்தார். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் உரிமை. இதைப் படித்தபோது என் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. நான் அதுவரை பிள்ளையின் வேலையைச் செய்யப் பார்த்தேன், என் வேலையைச் செய்யாமல் விட்டேன்.

ஆச்சி கேட்ட கேள்வி

இத்தனை படித்தும் என்னை வேலை செய்யவைத்தது, தை மாதம் திருநெல்வேலியில் இருந்து வந்த என் மாமியார், மகளின் ஆச்சிதான். பை நிறையப் பனங்கிழங்கும் சீனிக்கிழங்கும் கொண்டுவந்தார். முதல் நாள் மாலை நான் மகளை அதட்டியதைக் கேட்டுவிட்டு, அடுக்களைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்:

"பிள்ளைய எதுக்கும்மா வையுத? அவ வார நேரம் தெரியும்லா? அதுக்கு முன்னாடியே அவிச்சு வச்சா, அவ எதுக்கு டப்பாவத் தேடப்போறா?"

மறுநாள் நாலேகாலுக்கே இட்லிப் பானையில் சீனிக்கிழங்கு வெந்து, வீடு முழுக்க மணத்தது. வந்தவள் டப்பா பக்கம் போகவில்லை. தரையில் உட்கார்ந்து, ஊதி ஊதித் தோலை உரித்தாள். அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.

அதன்பிறகு அடுக்கை மாற்றினோம். கீழ்த்தட்டு அவளுடையது. அவள் கை எட்டும் உயரத்தில் ஒரு கூடையில் வாழைப்பழம், கொய்யா. ஒரு கண்ணாடி ஜாடியில் வறுத்த வேர்க்கடலை. இன்னொன்றில் பொரியும் பொட்டுக்கடலையும். குளிர்பெட்டியில் கண்ணுக்கு நேராக வெள்ளரித் துண்டும் மோரும். பிஸ்கட் வீட்டை விட்டுப் போகவில்லை. வாரம் ஒருநாள், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, தட்டில் வைத்துச் சாப்பிடுகிறோம். எதிர்பார்த்தபடி வரும் என்று தெரிந்த பண்டத்தை ஒளித்துத் தின்ன வேண்டிய அவசியம் பிள்ளைக்கு இல்லை.

கேள்வியையும் மாற்றினேன். "என்ன வேணும்?" என்று கேட்டால் "சிப்ஸ்" என்றுதான் பதில் வரும். "கொய்யாவா, கடலையா?" என்று கேட்டால் அவள் யோசித்து ஒன்றைச் சொல்வாள். எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதமே. முடிவு எடுத்த நிறைவு அவளுக்கு.

எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. முதல் முறை கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல் வைத்தபோது, தேங்காயையும் மாங்காயையும் பொறுக்கித் தின்றுவிட்டுக் கடலையைத் தட்டில் விட்டாள். இரண்டாம் முறையும் அப்படியே. புது ருசி பிடிபட ஒரு பிள்ளைக்கு எட்டுப் பத்து முறை, சில நேரம் பதினைந்து முறைகூட அதைப் பார்க்கவும் தொடவும் வாயில் வைத்துப் பார்க்கவும் வேண்டியிருக்கும். நாம் மூன்றாவது முறையில் "இவளுக்குச் சுண்டலே ஆகாது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். நான் ஒன்றும் சொல்லாமல் வாரம் ஒருமுறை செய்துகொண்டே இருந்தேன். ஆச்சி அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். தாளித்து இறக்கியதும் அரை மூடி எலுமிச்சை பிழிவது அவள் பொறுப்பு. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, கடலையின் இரும்புச்சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள உதவும். அடுப்பில் கொதிக்கும்போது பிழியாமல் இறக்கியபின் பிழிவதும் அதற்காகத்தான். காரணம் கேட்டாள், சொன்னேன். தான் பிழிந்த சுண்டலை அவள் முதலில் ருசி பார்த்தாள். அப்புறம் ஒரு கிண்ணம் தின்றாள்.

நேரம் இல்லாத வீடுகளுக்கு

மாலை நாலேகாலுக்கு இட்லிப் பானை வைக்க ஆள் இருக்கும் வீடு எத்தனை? இரவு ஏழு மணிக்கு மேல் வேலையில் இருந்து திரும்பும் தாய்மார்களிடம் "தினமும் சமைத்து வையுங்கள்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அடுக்களையை ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டு ஆரோக்கியம் பேசுவது நியாயமும் ஆகாது. வாழைப்பழம் வாங்கி வர அப்பாவால் முடியும். இரவு படுக்கும் முன் ஒரு கைப்பிடிப் பயறை ஊறப்போட யாராலும் முடியும். காலையில் சாதத்துக்குக் குக்கர் வைக்கும்போதே மேல் தட்டில் கடலையும் வெந்துவிடும். அதைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போனால் போதும். பொரி, பொட்டுக்கடலை, வறுத்த கடலை மூன்றையும் ஞாயிறன்று கலந்து வைத்தால் ஒரு வாரம் தாங்கும். சமைக்கத் தேவையில்லாத தட்டுதான் அதிகம் ஜெயிக்கும் தட்டு.

வீட்டு வாசலைத் தாண்டினால் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் மாலை மாதிரித் தொங்குகின்றன. 2020-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கின்றன. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ., தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைத்து, எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளுக்குக் காட்டச் சொன்னது. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் அந்த 50 மீட்டர் விதி நடைமுறையில் இருக்கிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் நிர்வாகம் காது கொடுக்கும்.

ஒரு வாரத்து மாலைத் தட்டு

திங்கள்: கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், இறக்கியபின் எலுமிச்சை.

செவ்வாய்: கொய்யா அல்லது நெல்லிக்காய், கூடவே அவித்த வேர்க்கடலை.

புதன்: முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை.

வியாழன்: அவித்த முட்டை, மிளகுத்தூள், வெள்ளரி.

வெள்ளி: முளைகட்டிய பாசிப்பயறு, துருவிய கேரட், தேங்காய்.

சனி: சீனிக்கிழங்கு, மரவள்ளி, பனங்கிழங்கு, நுங்கு என்று அந்தந்தப் பருவத்தில் கிடைப்பது.

ஞாயிறு: மிஞ்சிய இட்லி மாவில் குழிப்பணியாரம். மாவு ஊற்றுவது பெரியவர், திருப்பிப் போடுவது பிள்ளை.

கவனிக்க: நாலைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை, முழுக் கொண்டைக்கடலை, முழு திராட்சை கொடுக்க வேண்டாம். தொண்டையில் சிக்கும். பொடித்தும் மசித்தும் நறுக்கியும் கொடுக்கவும். டீ, காபி பயறின் இரும்புச்சத்தைச் சேரவிடாது, பிள்ளைக்கு வேண்டாம். தட்டின் முன் உட்கார்ந்து, டிவியும் செல்போனும் இல்லாமல் தின்றால்தான் வயிறு நிறைந்தது பிள்ளைக்குத் தெரியும்.

கிண்ணத்தில் இரண்டு விதை

என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. பிறந்தநாள் விழாவில் கேக் தின்கிறாள், கடைத்தெருவில் சிப்ஸ் கேட்கிறாள். சில நாள் வாங்கித் தருகிறோம், சில நாள் இல்லை. அதில் இப்போது சண்டை இல்லை, ஒளிவு மறைவும் இல்லை.

நான் மீண்டும் அலுவலகம் போகத் தொடங்கிவிட்டேன். போன மாதம் ஒருநாள் மழையில் மாட்டி, வீடு வந்து சேர மணி ஏழரை ஆகிவிட்டது. காலையில் வேகவைத்துத் தாளித்து வைத்திருந்த சுண்டல் பாத்திரம் காலியாகி, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேசைமேல் தட்டு போட்டு மூடிய ஒரு கிண்ணம்.

"உனக்கு எடுத்து வச்சேம்மா. பசியோட வருவேன்னு தெரியும்ல?"

தட்டை எடுத்தேன். எலுமிச்சை வாசம் வந்தது. சுண்டலுக்கு நடுவே இரண்டு விதை கிடந்தன.